போட்டர் தொப்பி: பழையதா, புதியதா?

இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டிக்கு ஒரு தடவை போய்விட்டு வந்தால் போட்டர் தொப்பி மேல் ஆசை வராமல் இருக்காது. 1839-இல் தேம்ஸ் கரையில் தொடங்கிய போட்டி அது. கோடு போட்ட கோட்டும் போட்டர் என்கிற தட்டையான வைக்கோல் தொப்பியுமாக நடமாடிய கூட்டத்தைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை பற்றிக்கொண்டது. பழைய தொப்பி ஒன்றைத் தேடிப் பிடிப்பதா, புதிதாக வாங்குவதா என்று மூன்று மாதம் அல்லாடினேன். இப்போது என்னிடம் இருப்பது பழசு. அதனால் பழசின் பக்கம் சாய்ந்துதான் பேசுவேன்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். புதியது சுத்தமாக இருக்கும், சரிப்படாவிட்டால் திருப்பி அனுப்பலாம். இங்கிலாந்தின் லூட்டன் நகரில் இன்றும் நன்றாகவே செய்கிறார்கள். அந்த ஊர்க் கால்பந்து அணிக்கே 'தொப்பிக்காரர்கள்' என்றுதான் பட்டப்பெயர். பழசு தேன் நிறத்துக்கு வந்திருக்கும், விலையும் பெரும்பாலும் குறைவு. வேஷம் போடும் கடைகளில் விற்கும் மெல்லிய தொப்பிகளை நான் இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

உண்மையில் முடிவு செய்வது தலையளவு. கம்பளித் தொப்பி கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் ஆவி காட்டி இழுத்து வழிக்குக் கொண்டுவரலாம். போட்டரிடம் அது நடக்காது. வைக்கோலைப் பின்னி நாடாவாக்கி, உச்சியின் நடுவிலிருந்து சுருள் சுருளாகத் தைத்துக்கொண்டே வந்து, அரக்குப் பூசி விறைப்பாக்கிய பொருள் அது. கிட்டத்தட்ட ஒரு பெட்டி மாதிரி. தலைதான் அதற்கு ஏற்றபடி இருக்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் வாங்கியது அரை அளவு சின்னது. 'கொஞ்சம் ஆவி காட்டினால் இளகிவிடும்' என்று கெட்டில் மூக்கில் பிடித்தேன். இளகத்தான் செய்தது, ஆனால் விளிம்பு அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. இழுத்த இழுப்பில் பக்கச் சுவரில் இரண்டு வரிசைத் தையலும் விட்டுப்போனது. விற்றவர் மேல் தப்பே இல்லை, அளவைச் சரியாகவே எழுதியிருந்தார். "ரொட்டி வைக்க ஆகும்" என்றாள் மனைவி. இன்னமும் அதில்தான் ரொட்டி இருக்கிறது.

அந்த எண்களிலும் ஒரு சிக்கல். இங்கிலாந்துத் தொப்பியில் 7 என்றால் சுமார் 57 சென்டிமீட்டர், 7 1/8 என்றால் 58. அமெரிக்கத் தொப்பியில் அதே 7 1/8 என்பது 57தான். போதாததற்கு, உள்ளே நெற்றியில் படும் தோல் பட்டை பல வருடம் காய்ந்து சுருங்கியிருக்கும். எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல், பட்டையின் உட்சுற்றை டேப் வைத்து அளந்து சொல்லும்படி விற்பவரிடம் கேளுங்கள். உங்கள் தலையையும் காதுக்குச் சற்று மேலே, நெற்றி நடுவே வரும்படி அளந்துகொள்ளுங்கள்.

சுற்றளவு சரியாக இருந்தும் தலைவலி வரலாம். என் தலை முன்பின்னாக நீளம். சுற்றளவு பொருந்திய புதுத் தொப்பியைக் கடையில் போட்டுப் பார்த்தேன். நெற்றியிலும் பிடரியிலும் கடித்தது, காதுப்பக்கம் இரண்டு விரல் நுழைந்தது. அடுத்த அளவுப் புதுத் தொப்பியோ தலையில் சுற்றி ஆடியது. அதன் உள்பட்டையை ஒட்டியே வைத்திருந்தார்கள், பின்னால் எதையும் செருக வழியில்லை. பழசில் அந்தத் தோல் பட்டை தைக்கப்பட்டிருக்கும். மடித்து வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் கம்பளித் துணிப் பட்டை செருகி, மறுபடி உள்ளே தள்ளிவிட்டால் ஆயிற்று. நான் வாங்கியது ஒரு அளவு பெரிசு. பக்கத்துக்கு இரண்டு பட்டை வைத்ததும் எனக்கென்றே செய்த மாதிரி உட்கார்ந்தது. பெரிசைச் சின்னதாக்கலாம், சின்னதைப் பெரிசாக்க முடியாது. எவ்வளவு அழகாக இருந்தாலும் சின்னதை வாங்காதீர்கள்.

ரிப்பேரிலும் எனக்குப் பழசுதான் கைகொடுத்தது. தையல் பிரிந்தால் அதே நிற நூலால் பழைய ஓட்டை வழியாகவே தைத்துவிடலாம். காய்ந்த வைக்கோல் முறுக்கு மாதிரி ஒடியும், அதனால் முதலில் ஈரத் துணியால் லேசாக ஒற்றிப் பதமாக்கிக்கொள்ள வேண்டும். விளிம்பு ஓரத்தில் சின்ன விரிசல் என்றால் அடிப்பக்கம் மெல்லிய துணி வைத்துப் பசை போட்டால் போதும். விறைப்பு போன இடத்துக்கு அவலரக்கு. ஊரில் ஆசாரி மர பாலிஷுக்கு ஸ்பிரிட்டில் ஊறப்போடுவாரே, அதேதான். ரொம்பத் தண்ணியாகக் கரைத்து இரண்டு பூச்சு. கெட்டியாகப் பூசினால் பளபளவென்று பொம்மைத் தொப்பியாகிவிடும். ஆனால் மேல்தட்டும் சுவரும் சேரும் மடிப்பில் வெடித்திருந்தால் நான் தொடமாட்டேன். பெரும்பாலும் அங்கே பிடித்துத் தூக்கித்தான் வெடித்திருக்கும், தைத்தாலும் பக்கத்திலேயே அடுத்தது வெடிக்கிறது. போட்டரை விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும்.

புதியதை எப்போது வாங்குவேன்? தலை 59-க்கு மேல் என்றால் யோசிக்காமல். நான் தேடிய மூன்று மாதத்தில் அந்த அளவில் பழசு ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது, அதுவும் அநியாய விலை. அடிக்கடி மழையில் மாட்டுவீர்கள் என்றாலும் புதியதே நல்லது, ஈரம் பட்டால் பழைய அரக்கு வெளுத்துப்போகும். இன்னொன்று, இங்கிலாந்தின் ஹாரோ பள்ளி மாணவர்கள் போடும் தொப்பியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஆழம் குறைவு, தலைக்குப் பின்னால் எலாஸ்டிக் போட்டு நிறுத்தும் தொப்பி அது.

என் ரிப்பேர் எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டால், இரண்டு கோடைதான் ஆகியிருக்கிறது. தையல் நிற்கிறது. விளிம்பில் பசை போட்ட இடம் மட்டும் வெயிலில் கொஞ்சம் பழுத்திருக்கிறது. இந்த வருடம் ரிப்பனை மாற்றும்போது அதையும் பார்க்க வேண்டும்.