மூக்குக் கழுவும் குப்பி: சோற்றுத் தட்டின் முன் வைத்துப் பார்த்த மதிப்பீடு

என் ஒன்பது வயது மகளுக்காக மூன்று மாதங்களுக்கு முன் வாங்கிய, உப்புநீரைச் செலுத்தி மூக்குக் கழுவும் குப்பியைப் பற்றி எழுதுகிறேன். இத்தகைய குப்பிகளைப் பற்றிய மதிப்பீடுகள் தும்மல் குறைந்ததா, இரவில் உறக்கம் வந்ததா என்பதோடு நின்றுவிடுகின்றன. நான் இதை வாங்கியதோ அவள் சாப்பிடும் முறைக்காக.

அவளுக்கு வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணிகளால் ஒவ்வாமை உண்டு. காலையில் அடுக்குத் தும்மல், பகலெல்லாம் மூக்கடைப்பு. சாப்பிட உட்கார்ந்தால் வாயைத் திறந்தபடியே மெல்லுவாள். இட்லியை அரைகுறையாக விழுங்கிவிடுவாள், சப்பாத்தியைக் கன்னத்தில் அதக்கிவைத்துத் தண்ணீரால் உள்ளே தள்ளுவாள். ‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்று என் மாமியார் நாள்தோறும் சொல்லிப் பார்த்தார். புரையேறும்போதெல்லாம் யாரோ நினைக்கிறார்கள் என்று அவள் உச்சந்தலையில் தட்டிவிட்டு நாங்களும் அடுத்த கவளத்துக்குப் போய்விடுவோம். காது, மூக்கு, தொண்டை மருத்துவர் பொறுமையாக விளக்கிய பிறகே இது அடமுமன்று, வளர்ப்புக் குறையுமன்று என்பது எங்களுக்குப் புரிந்தது.

உதடுகளை மூடி மெல்ல வேண்டுமானால் அந்த நேரத்தில் மூக்கு மூச்சுவிட வேண்டும். மூக்கு அடைத்துவிட்டால் மெல்லும் வேலையும் மூச்சுவிடும் வேலையும் ஒரே வாய்க்கு வந்துசேர்கின்றன. மூச்சுக்காக அவசரப்படும் குழந்தை உணவு கூழாகும் முன்பே விழுங்கிவிடுகிறது. வாய்வழி மூச்சினால் நாக்கும் அண்ணமும் உலர்ந்திருப்பதால் கவளம் எச்சிலில் ஊறித் திரள்வதும் தாமதமாகிறது. விழுங்கும்போது மூச்சு ஏறத்தாழ ஒரு நொடி நிற்கிறது. வழக்கமாக அதன் பிறகு வெளிமூச்சே தொடர்வதால் தொண்டையில் தங்கிய துணுக்கு உள்ளே இழுக்கப்படுவதில்லை. மூச்சுக்குத் தவிப்பவர் விழுங்கிய கையோடு உள்மூச்சு வாங்கிவிட்டால் புரையேறுகிறது. உணவோடு காற்றையும் சேர்த்து விழுங்குவதால் வயிறு உப்பி, பாதித் தட்டிலேயே ஏப்பமும் வருகிறது. தொண்டையின் பின்வழியே மணம் மூக்குக்கு ஏறினால்தான் ரசத்துக்கும் குழம்புக்கும் வேறுபாடு தெரியும் என்பதால், அவளுக்கு எல்லாமே சப்பென்று இருந்ததில் வியப்பில்லை.

இனி குப்பி. மென்மையான நெகிழி உடல், வட்டமான முனை, உப்புப் பொட்டலங்கள், அமைப்பு அவ்வளவுதான். பெரியவர்களுக்கு 240 மி.லி., குழந்தைகளுக்கு 120 மி.லி. என இரண்டு அளவுகள் கிடைக்கின்றன. கடைக்காரர் எனக்குச் சிறிய குப்பியோடு பெரியவர்களுக்கான பொட்டலத்தைக் கொடுத்துவிட்டார். உடல் நீருக்கு ஒத்த உப்புச் செறிவு 0.9 விழுக்காடு, 240 மி.லி.க்கான பொட்டலத்தை 120 மி.லி.யில் கரைத்தால் அது இரு மடங்காகி எரிகிறது. முதல் நாளே மகள் அலறியதற்குக் காரணம் அதுதான். வெறும் தண்ணீரும் எரியும் என்பதால் உப்பைக் குறைத்துப் பார்ப்பதும் தீர்வாகாது.

குப்பியில் எனக்குள்ள பெரிய குறை அதன் குறிப்புத் தாள். கொதிக்கவைத்து ஆறிய நீர் அல்லது வாலைவடிநீர் (ஆவியாக்கிக் குளிர்வித்த தூய நீர்) மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற எச்சரிக்கை, மடிப்பின் உட்புறத்தில் எறும்பளவு எழுத்தில் இருக்கிறது. கேரளத்தில் 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் மூளையைத் தாக்கும் அமீபாத் தொற்றுப் பற்றிய செய்திகளைப் படித்தவர்களுக்கு, குடித்தால் கேடு செய்யாத நீரும் மூக்கில் ஏறினால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது நினைவிருக்கும். கேன் தண்ணீரும் இதற்குப் போதாது. குறைந்தது ஒரு நிமிடம் தளதளவெனக் கொதித்து, வெதுவெதுப்பாக ஆறியிருக்க வேண்டும்.

நாங்கள் இரவு உணவுக்கு அரை மணி நேரம் முன்பு கழுவுகிறோம். தொட்டியின் மேல் குனிந்து, வாயைத் திறந்து மூச்சுவிட்டபடி மெதுவாக அழுத்தினால், ஒரு துளையில் செல்லும் நீர் மறு துளையில் வழிகிறது. உடனே சாப்பிட உட்காரக்கூடாது. தங்கிய நீர் குனியும்போது தட்டில் சொட்டும், அந்த அனுபவமும் எங்களுக்கு உண்டு. காது வலியுள்ள நாளிலும், இரு துளையும் முற்றாக அடைத்திருக்கும் நாளிலும் விட்டுவிடுகிறோம். ஒவ்வாமையைக் குப்பி மாற்றாது. கழுவிய பின் அடிக்கும், மருத்துவர் எழுதிக் கொடுத்த மூக்குத் தெளிப்பானே வீக்கத்தைக் குறைக்கிறது. சளியை அகற்றி அந்த மருந்துக்கு வழிவிடுவதே இதன் பணி, அதை ஒழுங்காகச் செய்கிறது.

மூன்றாவது வாரத்தில் மகள் உதடுகளை மூடி ஒரு கவளத்தை முழுதாக மென்றாள். அன்றைய ரசத்தில் மிளகு அதிகம் என்று குறையும் சொன்னாள். ஆனால் மூக்கு திறந்த அன்றே பழைய பழக்கம் போய்விடவில்லை. நாக்கை முன்பற்களில் உந்தி விழுங்குவதை மாற்றப் பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளரிடம் தனியே செல்கிறோம். சோறும் இட்லியும் இப்போது தண்ணீரின்றி இறங்குகின்றன, சப்பாத்திக்கு மட்டும் இன்னும் அரை டம்ளர் வேண்டியிருக்கிறது.