மீன்தொட்டி ஸ்டாண்டுக்கான ஈரப்பதக் கட்டுப்பாட்டு விசிறி: ஒரு மதிப்பீடு

தொட்டிக்கு அடியில் சம்ப் (தொட்டி நீரை வடிகட்டும் துணைத் தொட்டி) வைத்திருப்பவர்களுக்கு, ஸ்டாண்டின் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் புழுக்கம் பழகிய ஒன்று. வெதுவெதுப்பான நீரிலிருந்து எழும் ஆவி, வெளியேற வழியின்றிக் குளிர்ந்த பரப்புகளில் துளித்துளியாகப் படிகிறது. மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையின் வெட்டு விளிம்பு அதை உறிஞ்சி உப்பிவிட்டால் பின்னர் பழைய நிலைக்குத் திரும்பாது.

இதற்கு நான் பொருத்திய தொகுப்பில் 12 வோல்ட்டில் ஓடும் 120 மில்லிமீட்டர் விசிறி, அடாப்டர், வயருடன் கூடிய சென்சார், கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை உள்ளன. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் ஓடவும், 55க்கு இறங்கினால் நிற்கவும் அமைத்தேன். இந்த இடைவெளியை நாமே தீர்மானிக்க முடிவது மிகவும் நல்ல வசதி. அது குறுகலாக இருந்தால் விசிறி ஓயாமல் ஓடி ஓடி நிற்கும். ஆனால் அறையின் காற்றே 70 சதவீத ஈரத்தோடு இருக்கும் நாட்களில், உள்ளே வருவதும் அதே காற்று என்பதால், விசிறி நிற்பதேயில்லை. அறைக்கும் ஸ்டாண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அளக்க இரண்டாவது சென்சார் ஒன்றைத் தயாரிப்பாளர் சேர்த்திருக்க வேண்டும்.

நீராவி கலந்த காற்று உலர்ந்த காற்றைவிட இலேசானது, வெப்பமும் சேர்ந்தால் இன்னும் மேலெழும். ஆகவே விசிறியைப் பின்பலகையின் உச்சியில் வெளியே தள்ளும்படி வைத்து, எதிர்ப்பக்கத்தின் அடியில் அதே அளவு திறப்பு விட்டதும் கண்ணாடியில் படிந்த ஈரம் மறைந்தது. கீழே திறப்பு இல்லாமல் விசிறியை மட்டும் மாட்டுவது வீண்.

வாங்குவதற்கு முன் சம்ப்பை அக்ரிலிக் தகட்டால் பெரும்பகுதி மூடிப் பார்ப்பது அவசியம் என்று உறுதியாகச் சொல்வேன். மூடினால் ஆவி எழுவதே குறையும்; விசிறியால் காற்றோட்டம் கூடினாலோ ஆவியாதலும் கூடுகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை, அது முழுவதும் 100 லிட்டர் நீரிலிருந்தே எடுக்கப்பட்டால் அதன் வெப்பநிலை ஆறு டிகிரிக்குச் சற்றே குறைவாக இறங்கும். அந்த இழப்பை ஈடுகட்ட ஹீட்டர் கூடுதலாக உழைக்கும்.

நன்னீர்த் தொட்டிக்கு இத்தொகுப்பு போதுமானது. கடல்நீர்த் தொட்டியில், உப்புக் காற்று படும் இடத்துக்கு உடன்வரும் திறந்த மோட்டார் விசிறி ஏற்றதல்ல; கட்டுப்பாட்டுப் பெட்டியை ஸ்டாண்டுக்கு வெளியே வைத்து, ஈரம் புகாத 12 வோல்ட் விசிறி ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டுவதே சரி.