ஏழு வருஷம், ஒரே அரசுப் பள்ளி: ஒரு அம்மாவின் அனுபவம்

2018 ஜூனில் என் மகளை எங்கள் ஊர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்த்தேன். 2025-ல் பிளஸ் டூ முடித்து டி.சி. வாங்கினாள். வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்று நடுவில் மூன்று முறை நினைத்ததுண்டு, மாற்றவில்லை. பள்ளியின் பெயர் வேண்டாம். டெல்டா பக்கத்தில் ஒரு தாலுகா டவுன். பள்ளியில் இரண்டாயிரத்துக்கு மேல் பிள்ளைகள். ஆறாம் வகுப்பு மட்டுமே ஏ முதல் எஃப் வரை. இவ்வளவு தெரிந்தால் போதும்.

நான் வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். தமிழ் மீடியம்தான் போட்டோம். பக்கத்து வீட்டு அக்கா, "இங்கிலீஷ் மீடியமும் அங்கேயே இருக்கே, ஏன் போடல?" என்று ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தார். பாடம் புரியணும் என்பது ஒரு காரணம். பிற்பாடு அரசு வேலைக்கு எழுதினால் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருப்பது இன்னொரு காரணம்.

சேர்த்த வருஷம்தான் ஆறாம் வகுப்புக்குப் புதுப் பாடத்திட்டம் வந்தது. பளபளவென்று கலர் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் க்யூஆர் கோடு. புத்தகம், நோட்டு, சீருடை, பஸ் பாஸ் எதற்கும் காசு இல்லை. எனக்கு வாய் நிறையப் பெருமை. மாற்றிவிடலாம் என்று முதலில் நினைத்ததும் அதே வருஷம்தான். பாப்பாவின் வாட்டர் பாட்டிலைக் கழுவ எடுத்தேன். காலையில் நான் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் அப்படியே இருந்தது. மறுநாளும் அதே கதை. கேட்டதற்கு, "தண்ணி குடிச்சா பாத்ரூம் வரும்மா" என்றாள். நேரில் போய்ப் பார்த்தேன். பத்து கதவு இருந்தால் ஆறில்தான் தாழ்ப்பாள். இன்டர்வெல் பத்து நிமிஷம், வாசலில் நாற்பது பிள்ளைகள் வரிசை. பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் எட்டு மணி நேரம் இருந்தது இதற்குப் பயந்துதான்.

வகுப்பு டீச்சரிடம் சொன்னேன். "நீங்க எந்தப் பிள்ளையோட அம்மா?" என்றார். அறுபத்திரண்டு பிள்ளைகள் இருந்த வகுப்பு, அவரைக் குறை சொல்ல முடியாது. பெரிய பள்ளியில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான். அவர்களாக நம்மைத் தேடி வரமாட்டார்கள். பெரியாஸ்பத்திரி மாதிரி, எந்த ஜன்னலில் போய் நிற்கணும் என்று தெரிந்தவருக்கு எல்லாம் கிடைக்கும். தெரியாதவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நானும் இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆள்தான்.

இரண்டாவது முறை கொரோனாவில். ஏழாம் வகுப்பு முடியும் முன் 2020 மார்ச்சில் மூடினார்கள். இவள் திரும்ப வகுப்பில் உட்கார்ந்தது 2021 செப்டம்பரில், ஒன்பதாம் வகுப்பில். எட்டாம் வகுப்பு முழுக்கக் கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பும்தான். வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் அவரோடு வண்டியில் போய்விடும். ராத்திரி ஒன்பதரைக்கு அவர் வந்த பிறகு அன்றைய கணக்கைப் பார்த்து எழுதுவாள், பாதியிலேயே தூங்கிவிடுவாள். தனியார் பள்ளிப் பிள்ளைகள் சீருடையோடு ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வயிறு எரிந்தது உண்மை. படிப்பில் விழுந்த அந்த ஓட்டை பத்தாம் வகுப்பு வரை அடைபடவில்லை. பின்னங்களை ஒன்பதாம் வகுப்பில் திரும்பச் சொல்லிக் கொடுத்த கணக்கு டீச்சர் ஒருவர் இல்லையென்றால் பத்தில் திண்டாடியிருப்பாள்.

2022-ல் பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தபோது கை தூக்கிவிட்டேன். இருபது பேரில் பதினைந்து பேர் பெற்றோர். முதல் கூட்டத்திலேயே பாத்ரூம் விஷயத்தைத் தீர்மான நோட்டில் எழுத வைத்தேன். தலைமையாசிரியை மேடம் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ, "நான் எழுதினா அது என் கோரிக்கை, நீங்க எழுதினா ஊர் கோரிக்கை. நல்லா எழுதுங்க" என்றார். தாழ்ப்பாள் வர ஐந்து மாதம் ஆனது. பக்கத்தில் புதுசாக ஒரு வரிசை கட்ட ஒன்றரை வருஷம். சுத்தம் செய்யும் அக்கா லீவு போட்டால் நாற்றம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

பத்தாம் வகுப்பில் ஒரு தலைவலி. பொதுத்தேர்வுக்கு நாமினல் ரோல், அதாவது தேர்வு எழுதுகிற பிள்ளைகளின் பட்டியல், சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். எமிஸில் (பிள்ளைகளின் விவரம் எல்லாம் இருக்கிற பள்ளிக் கல்வித் துறையின் ஆன்லைன் பதிவு) ஆங்கிலத்தில் இருந்த பெயரும் ஆதாரில் இருந்த பெயரும் வேறு. ஒரு 'ஹெச்' குறைந்திருந்தது. அப்போதே திருத்தாமல் விட்டிருந்தால் மார்க் ஷீட் முதல் காலேஜ் வரை அலைந்திருப்பேன். எமிஸ் நம்பர், பெயர், இனிஷியல், பிறந்த தேதி இதையெல்லாம் ஒன்பதாம் வகுப்பிலேயே ஆபீஸில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது முறைதான் பெரிது. பிளஸ் ஒன் முதல் குரூப். கலந்தாய்வில் மாறுதல் வாங்கிக்கொண்டு ஃபிசிக்ஸ் சார் போய்விட்டார். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். கெமிஸ்ட்ரி டீச்சர் வந்து, "ஃபிசிக்ஸ் புக்கை எடுத்துப் படிங்க" என்று உட்கார வைத்துவிட்டுப் போவார். அந்த வருஷம் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு உண்டு. எங்களுக்கு அடிவயிறு கலங்கியது. ஒரு தனியார் பள்ளியில் ஃபீஸ் கேட்டுவிட்டுக்கூட வந்தேன். ஆனால் அங்கே போனால், காலேஜ் சேரும்போது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற 7.5 சதவீத ஒதுக்கீடு போய்விடும். ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருந்தால்தான் அது. பத்தோடு வெளியே போன இரண்டு பிள்ளைகளின் அம்மாக்கள் இது தெரியாமல் போனதை நினைத்து இப்போதும் என்னிடம் புலம்புகிறார்கள்.

குழுவில் எல்லாரும் சேர்ந்து அழுத்தினோம். தீபாவளி கழிந்து, பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் எம்.எஸ்சி., பி.எட். முடித்த எங்கள் ஊர்ப் பெண் ஒருவரைத் தற்காலிகமாகப் போட்டார்கள். பாப்பா ஒரு நாள் வீட்டுக்கு வந்து என் தையல் மெஷின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பெரிய சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் சின்ன சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணினாள். "மிஸ் எண்ணிட்டு வரச் சொன்னாங்க" என்றாள். இருபது வருஷமாக மிதிக்கிற மெஷின். நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. சம்பளம் என்று அந்தப் பெண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, அதுவும் மாதா மாதம் வராது. எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் அது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதினொன்றில் சைக்கிள் கொடுத்தார்கள். சைக்கிள் கடையில் கொடுத்து நட்டு, பிரேக் எல்லாம் முறுக்கிய பிறகே ஓட்டவிட்டேன், 300 ரூபாய் ஆனது. லேப்டாப் இவள் செட்டுக்குப் பள்ளியில் கிடைக்கவில்லை. ஹைடெக் லேப் என்று கம்ப்யூட்டர் அறை இருந்தது, பெரும்பாலும் ஆன்லைன் தேர்வுக்குத்தான் திறந்தார்கள். கலைத் திருவிழாவில் இவள் வில்லுப்பாட்டுக் குழுவில் மாவட்டம் வரை போனாள். அந்த ஒரு மாதம் வீடே உடுக்கைச் சத்தம். பிளஸ் டூவில் கணக்குக்கு மட்டும் வெளியே டியூஷன் வைத்தேன், மாதம் 500. ஏழு வருஷத்தில் நான் கையிலிருந்து கொடுத்த பெரிய செலவு அதுதான்.

இப்போது 7.5 ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் படிக்கிறாள். படிப்புக் கட்டணமும் ஹாஸ்டல் கட்டணமும் அரசு கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழுகிறது. முதல் மாதப் பணத்தில் எனக்கு ஒரு கத்தரிக்கோல் வாங்கி வந்தாள்.

டி.சி. வாங்கப் போன அன்று ஆறாம் வகுப்பு டீச்சரை வராந்தாவில் பார்த்தேன். "நீங்க பாத்ரூம் அம்மாதானே?" என்று சிரித்தார். ஏழு வருஷத்தில் அங்கே எனக்கு அப்படி ஒரு பெயர்.

சின்னவன் இப்போது ஐந்தாம் வகுப்பு. வரும் ஜூனில் ஆண்கள் பள்ளியில் சேர்க்கணும். விண்ணப்பம் வாங்கும் முன்பே ஒரு நாள் இன்டர்வெல் நேரத்தில் போய் நின்று பார்த்துவிட்டு வருவதாக இருக்கிறேன். அப்புறம் ஆபீஸில் ஒரே ஒரு கேள்வி: எந்தெந்தப் பாடத்துக்கு டீச்சர் இடம் காலி?