பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். மனைவியின் நகையை அடகு வைத்து, ஏலச்சீட்டை எடுத்துச் சேர்த்த பணம். போன வாரம் வியாழக்கிழமை கொடுத்தேன். இன்று அந்த டிராக்டர் மெக்கானிக் கொட்டகையில் பிரித்துப் போட்டுக் கிடக்கிறது.

எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். ஒவ்வொரு சம்பாவுக்கும் வாடகை வண்டிக்குக் காத்திருந்து அலுத்துப்போய், பழைய சாமான் விற்கும் ஒரு செல்போன் ஆப்பில் தேடினேன். 2014 மாடல், 45 எச்.பி., ஒரே ஓனர் என்று போட்டிருந்தது. மச்சானைக் கூட்டிக்கொண்டு நாலு மணி நேரம் பஸ்ஸில் போனேன்.

போய் இறங்கியபோதே இன்ஜின் சூடாக இருந்தது. "இப்பத்தான் வைக்கோல் ஏத்திட்டு வந்தேன்" என்றார் விற்பவர். சாவியைத் திருப்பியதும் எடுத்தது. இதுவரை ஓடியது 1,900 மணி நேரம்தான் என்று மீட்டர் காட்டியது. கிளட்ச் பெடலோ வரி வரியான பிடிப்பெல்லாம் போய், வழவழவென்று தேய்ந்து கிடந்தது. மீட்டர் காட்டியதைவிட அதிகமாக ஓடியிருக்கும் என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும்; கண்ணால் பார்த்தேன், ஆனால் உறைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் அவருடைய அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீங்களும் விவசாயி, நானும் விவசாயி. உங்க வயித்துல அடிச்சா எனக்குச் சோறு இறங்குமா?" என்றார். "நாளைக்கு மெக்கானிக்கோட வந்து பாப்போம் மாமா" என்று மச்சான் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. அங்கேயே பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் சேற்று உழவுக்கான இரும்புச் சக்கரமான கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் இறக்கினோம். அரை மணி நேரம்கூட இழுக்கவில்லை, நீலப்புகை. மெக்கானிக் வந்து இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தார். குப்குப்பென்று புகை அடித்தது. இன்ஜினுக்குள் இருக்கும் பிஸ்டன் ரிங், லைனர் எல்லாம் தேய்ந்து போய்விட்டதாம். கியர் ஆயிலை இறக்கினால் மோர் மாதிரி வெள்ளையாக வந்தது, உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. இன்ஜினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கில் புதுப் பெயின்டைச் சுரண்டினார். அடியில் விரல் நீளத்துக்கு வெல்டிங்.

விற்றவருக்கு முதல் தடவை போன் செய்தபோது "ஆயில் மாத்துங்க, சரியாயிடும்" என்றார். அப்புறம் "என் மெக்கானிக்கை அனுப்புறேன்" என்றார், யாரும் வரவில்லை. மூன்றாவது தடவை "பார்த்துத்தானே எடுத்தீங்க?" என்று குரலே மாறிவிட்டது. இப்போது என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். ஆப்காரர்களிடம் கேட்டால், "விளம்பரம் போட இடம் கொடுக்கிறோம், பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். மூன்று லட்சத்து நாற்பதாயிரம் போய்விட்டது என்று எழுதினாலும் அதே பதில்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆர்.சி. புக்கில் பைனான்ஸ் கம்பெனி பெயர் இன்னும் நிற்கிறது. "கடன் கட்டியாச்சு, என்.ஓ.சி. தபால்ல வரும்" என்று விற்றவர் சொன்னதை நம்பினேன். என்.ஓ.சி. என்றால் ஆட்சேபணை இல்லை என்று பைனான்ஸ்காரர்கள் தரும் கடிதம். கடன் முடிந்ததென்று பைனான்ஸ்காரர்கள் கையெழுத்துப் போட்ட படிவம் 35-உம் என்.ஓ.சி.யும் இல்லாமல் அந்தப் பதிவை நீக்க முடியாது என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லிவிட்டார்கள். வண்டி இன்னும் என் பெயருக்கு மாறவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. அவசரமாகச் சிலது: காலையில் சொல்லாமல் போய், இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். கியர் ஆயிலைத் தொட்டுப் பாருங்கள். பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணையுங்கள், மடமடவென்று இறங்கினால் அதைத் தூக்கும் ஹைட்ராலிக் போச்சு. வண்டியில் பொறித்திருக்கும் சேஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். உங்கள் மெக்கானிக் இல்லாமல் போகாதீர்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறேன். நேற்று ராத்திரி அதே ஆப்பில் இன்னொரு டிராக்டர் படம் வந்திருக்கிறது. அதே வாசல், அதே வேப்பமரம், "ஒரே ஓனர், அவசர விற்பனை". யாரும் அட்வான்ஸ் அனுப்பிவிடாதீர்கள்.