மூன்று வருடமாக சிசி65: ஒரு மயில் விளையாட்டும் அதன் பிழைச்செய்திகளும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் மாமா வீட்டு ‘கோல்டன் சைனா’ பெட்டி இன்னும் ஓடுகிறது. தொண்ணூறுகளில் டர்பன் பிள்ளைகள் பலருக்கு நின்டெண்டோ என்றால் அந்த நகல் பெட்டிதான். ‘டிவி கேம்’ என்போம். அதில் ஓட நானே ஒரு மயில் விளையாட்டு எழுதலாம் என்று 2022-இல் சிசி65-ஐ இறக்கினேன். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் 6502 வகைச் சிப்புக்கான இலவச சி கம்பைலர், அதாவது நாம் எழுதும் சி நிரலைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றும் கருவி. இன்றுவரை அதுதான், திட்டிக்கொண்டேதான்.

முதல் வாரம் ஒரு வரி கூட எழுதவில்லை. விண்டோஸில் என் பயனர் பெயருக்கு நடுவே ஓர் இடைவெளி. கம்பைலரை ஓட்டும் பேட்ச் ஃபைல் அந்த இடத்தில் பாதையை இரண்டாக வெட்டிப் படித்துவிட்டு, ஃபைலைக் காணோம் என்றே பாடிக்கொண்டிருந்தது. சி டிரைவுக்கு நேர் கீழே எல்லாவற்றையும் மாற்றினேன், அடங்கியது. பிறகு, கம்பைலர் எங்கே இருக்கிறது என்று விண்டோஸுக்குச் சொல்லும் பாத் வேரியபிளைத் திருத்தினேன். திருத்திவிட்டு, முன்பே திறந்திருந்த கமாண்ட் ஜன்னலிலேயே ஒரு மாலை முழுக்கத் தட்டினேன். அதற்குப் புதிய பாத் தெரியாது. மூடித் திறந்திருந்தால் போதும். நடுவில் லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு வேறு.

நிஜமான தலைவலி லிங்கர். சிசி65 நம் சி-யை அசெம்பிளியாக்கும், சிஏ65 அதை ஆப்ஜெக்ட் ஃபைலாக்கும், எல்டி65 என்ற லிங்கர் எல்லாவற்றையும் சேர்த்துத் தைக்கும். எனக்கு வந்த பிழைகளில் முக்கால்வாசி இந்தத் தையல்காரரிடமிருந்துதான். எது எங்கே போகவேண்டும் என்று எழுதிவைக்கும் சிஎஃப்ஜி ஃபைலில் இடம் ஒதுக்காத ஒரு செக்மென்ட் (பகுதி) நிரலில் இருந்தால் முரண்டு பிடிப்பார். என்ரோம் என்ற எளிய வகை கார்ட்ரிட்ஜுக்கு நிரல் 32 கேபி, படங்கள் 8 கேபி, ஃபைலின் முகப்பில் வரும் ஹெடர் 16 பைட். ஆக வெளியே வரும் ஃபைல் சரியாக 40,976 பைட் இருக்கவேண்டும். கணினியிலேயே அந்தப் பெட்டி போல நடிக்கும் எமுலேட்டர் கறுப்புத் திரை காட்டினால் நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். அசெம்பிளியில் எழுதிய ஃபங்ஷனை ‘கிடைக்கவில்லை’ என்றால் பெயருக்கு முன்னால் அடிக்கோடு இருக்கிறதா பாருங்கள். சி பக்கத்துப் பெயர்கள் அங்கே அடிக்கோட்டோடுதான் தெரியும். இது தெரியாமல் இரண்டு நாள் போனது.

அடுத்தது பதிப்புச் சண்டை. பழைய பயிற்சி ஒன்றோடு வந்த லைப்ரரி, அந்தக் காலத்து சிசி65-இல் கம்பைல் ஆனது. புதிய லிங்கர் அதை வாசலிலேயே நிறுத்தி, பதிப்பு ஒத்துவரவில்லை என்றது. மூலத்திலிருந்து மறுபடி கம்பைல் செய்ததும் தீர்ந்தது. 2020-இல் வந்த 2.19-இல் நன்றாக ஓடிய என் ஸ்டார்ட்டப் ஃபைல், பிற்பாடு வந்த ஸ்னாப்ஷாட்டில் (இடைக்காலப் பதிப்பு) உடைந்ததும் இதே ரகம்: சி நிரல் தற்காலிக மதிப்புகளை வைக்கும் அடுக்கை (ஸ்டாக்) காட்டும் ‘எஸ்பி’ என்ற பெயரை ‘சி_எஸ்பி’ என்று மாற்றியிருந்தார்கள். அன்றிலிருந்து, ஒரு விளையாட்டு முடியும்வரை கம்பைலரைப் புதுப்பிப்பதில்லை. ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே அதன் நகலை வைத்துவிடுகிறேன்.

குறைகள்? தசம எண் கிடையாது. லோக்கல் வேரியபிள் எல்லாம் அடுக்கில் போய் உட்கார்ந்து வேகத்தைக் குடிக்கும். குளோபலாகவே வைக்கிறேன், கல்லூரியில் சொல்லிக்கொடுத்தவர்கள் பார்த்தால் அடிப்பார்கள். தமிழ் எழுத்தோ டைல் எனும் 8க்கு 8 புள்ளிக் கட்டத்தில் அடங்கவே அடங்காது. ‘மயில்’ என்று திரையில் எழுத ஓர் எழுத்துக்கு நாலு டைல் செலவு. ஆனால் பில்ட் ஒரு நொடிதான், இணையமும் வேண்டாம். 2023-இன் இருட்டு மாலைகளில் லேப்டாப் பேட்டரியில் நான் செய்ய முடிந்த ஒரே உருப்படியான வேலை இது.

போன மாதம் 60 பின் ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜில் ஏற்றி மாமா பெட்டியில் செருகினேன். ஓடியது. ஐந்து நிமிடம் விளையாடிவிட்டு, “என்னடா, மயில் தூங்கிக்கிட்டே பறக்குது?” என்றார். எமுலேட்டரில் 60 ஹெர்ட்ஸில் அளந்து செய்த வேகம். இங்கே டிவி பிஏஎல் முறை, நொடிக்கு 50 முறை திரை புதுப்பிக்கும் 50 ஹெர்ட்ஸ். ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. இப்போது மெசன் என்ற எமுலேட்டரில் ரீஜனை, 50 ஹெர்ட்ஸ் நகல் பெட்டிகளுக்கான ‘டெண்டி’ என்று மாற்றி, மயிலின் வேகத்தைத் திரும்ப அளந்துகொண்டிருக்கிறேன்.