பெட்டியில் ஒரு பொய்கூட இல்லை, ஆனாலும் ஏமாந்தேன்

கேம் விளையாட பெரிய மானிட்டர் வாங்கப்போகிறவர்கள், பணத்தைக் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 32 இன்ச் வளைந்த திரை ஒன்றை ஆசை ஆசையாக வாங்கி, ஏழு மாதமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். எந்தக் கம்பெனி, எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. இதே வேலையைப் பலபேர் செய்கிறார்கள். ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர்களெல்லாம் யோக்கியர்கள் ஆகிவிடுவார்கள்.

பெட்டிமேல் போட்டிருந்தது இவ்வளவுதான்: 32 இன்ச், 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 165 படம்), 1 மில்லிசெகண்ட் (பிக்சல் நிறம் மாற ஆகும் நேரம் என்று நான் நம்பியது), எச்.டி.ஆர். (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதலாகக் காட்டும் படம்). கடையில் அது சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. திரையில் கடல், பூ, மெல்லச் சிறகு விரிக்கும் கிளி என்று எல்லாமே நிதானமாக நகரும் படங்கள். "ஏதாவது கேம் போட்டுக் காட்டுங்களேன்" என்றேன். "டெமோ பீஸ்ல கேம் கிடையாது சார். ஒரு மில்லிசெகண்டு சார், இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் அங்கிருந்த தம்பி. இதற்கு மேல் என்ன கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது.

முதல் நாள் ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு விளையாட உட்கார்ந்தேன். சுரங்கப்பாதைக் காட்சி. மவுஸை வெடுக்கென்று திருப்பினால், தூணின் நிழல் நின்ற இடத்தை விட்டு வர மாட்டேன் என்கிறது. காயாத மையில் விரலை வைத்து இழுத்த மாதிரி ஒரு கறுப்புத் தீற்றல் தூணுக்குப் பின்னாலேயே வருகிறது. கறுப்புச் சட்டைக்காரன் ஒருவன் குறுக்கே ஓடினான். அவன் எங்கே முடிகிறான், அவனுடைய தீற்றல் எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரிக்க முடியவில்லை. வெயில் அடிக்கும் வெளிக்காட்சிக்குப் போனால் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. மறுபடி இருட்டுக்குள் வந்தால் மறுபடி மை. கண்தான் கெட்டுவிட்டதோ என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோளாறு பேனலில், அதாவது படத்தைக் காட்டும் திரைப் பலகையில். என்னுடையது வி.ஏ. வகை. முழுக் கறுப்பிலிருந்து கரும்சாம்பலுக்கு மாறுவதுதான் இந்த வகைக்கு எப்போதும் சிரமமான வேலை. சில வி.ஏ. பேனல்களில் அந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் 20 மில்லிசெகண்டுக்கு மேலேகூட ஆகும். 165 ஹெர்ட்ஸில் ஒரு படம் திரையில் நிற்பதே 6 மில்லிசெகண்டு சொச்சம்தான். பழைய படம் போய்ச் சேர்வதற்குள் மூன்று புதுப் படங்கள் வந்துவிடுகின்றன. வி.ஏ.வே மட்டம் என்று சொல்ல வரவில்லை. அதன் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 3000:1 அளவுக்கு வரும், இன்னொரு வகையான சாதாரண ஐ.பி.எஸ். பேனலில் 1000:1 பக்கம்தான். இருட்டு அறையில் சினிமா பார்க்க அருமையான பேனல். வேகமான வி.ஏ. பேனல்களும் வந்திருக்கின்றன. எனக்கு வாய்த்தது அதில் சேர்த்தியில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் அந்த 1 மில்லிசெகண்டு? இங்கேதான் விஷயமே இருக்கிறது. குப்பைக்குப் போக இருந்த பெட்டியை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். '1' கட்டைவிரல் உயரத்துக்கு. அதன் காலடியில் எறும்பு சைஸில் 'எம்.பி.ஆர்.டி.' என்று நான்கு எழுத்து. பிக்சல் எவ்வளவு வேகமாக நிறம் மாறுகிறது என்பதற்கான அளவு ஜி.டி.ஜி. எம்.பி.ஆர்.டி. வேறு சமாசாரம். ஒவ்வொரு படமும் உங்கள் கண்ணுக்கு எவ்வளவு நேரம் தெரிகிறது என்பதன் கணக்கு அது. பின்னால் இருக்கும் பேக்லைட்டைப் படத்துக்குப் படம் சட்சட்டென்று அணைத்துப் போட்டால் அந்த எண் தானாகக் குறைந்துவிடும். பிக்சல் அதே மந்தத்தில்தான் இருக்கும்.

என் மானிட்டரில் மெனுவைத் தோண்டி அந்த வசதியை ஆன் செய்தேன். திரை மங்கிப்போனது. பிரைட்னஸைக் கூட்டலாமென்றால் அந்த வரி சாம்பல் நிறமாகிப் பூட்டிக்கொண்டது. கேமின் வேகத்துக்குத் தக்கபடி திரையின் ஹெர்ட்ஸை மாற்றும் ஃப்ரீசிங்க்கும் அணைந்துவிட்டது. அரை மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு வலிக்க ஆரம்பித்தது. ஆக, 1 மில்லிசெகண்டு இருக்கத்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு விளையாடத்தான் முடியாது. ஜி.டி.ஜி. என்று போட்டிருந்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள். ஓவர்டிரைவை (பிக்சலை வேகமாக நிறம் மாற விரட்டும் செட்டிங்) உச்சத்தில் வைத்து, இருப்பதிலேயே வேகமான ஒரு மாற்றத்தைப் பொறுக்கி எடுத்து அளந்த எண்ணாகவும் இருக்கலாம். அந்த உச்சத்தில் நீங்கள் ஓட்டினால், நகரும் பொருளுக்குப் பின்னால் வெளிறிய நிழல் ஒன்று தொங்கிக்கொண்டு வரும்.

165 ஹெர்ட்ஸ் கதை இன்னும் கேவலம், பாதித் தப்பு என்னுடையது. முதல் பதினொரு நாள் நான் விளையாடியது 60 ஹெர்ட்ஸில். விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குப் போய் நாமே மாற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. மாற்றப் போனால் பட்டியல் 120 உடன் நின்றுவிட்டது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது: எச்.டி.எம்.ஐ.யில் 120 வரை, டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு போர்ட்டில் 165. பெட்டிக்குள் அவர்கள் போட்டிருந்த ஒரே கேபிள் எச்.டி.எம்.ஐ. இதுவும் பொய்யில்லை பாருங்கள். 'எச்.டி.எம்.ஐ. 2.1' என்ற பெயரைப் பார்த்தும் மயங்க வேண்டாம். அந்தப் பதிப்பின் புது வசதிகள் பல கட்டாயமில்லை, பழைய வேகத்திலேயே ஓடும் போர்ட்டுக்கும் அந்தப் பெயரைப் போடலாம். எந்த ரெசல்யூஷனில் (திரையில் எத்தனை பிக்சல்), எந்த போர்ட்டில், எத்தனை ஹெர்ட்ஸ் என்று மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கேளுங்கள்.

பெரிதாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தது முழுக்க என் அசட்டுத்தனம். 32 இன்ச்சில் 1920×1080 என்றால் ஒரு இன்ச்சுக்கு 69 பிக்சல்தான். மேசை தூரத்தில் உட்கார்ந்தால் எழுத்தின் ஓரமெல்லாம் படிக்கட்டு. என் பழைய 24 இன்ச்சில் அதே ரெசல்யூஷனுக்கு 92. அந்த 92 இதே 32 இன்ச்சில் கிடைக்க வேண்டுமானால் 2560×1440 வேண்டும். அதற்கு கிராஃபிக்ஸ் கார்டும் ஒத்துழைக்க வேண்டும்: 1080-ஐவிட ஏறக்குறைய 1.8 மடங்கு பிக்சல், 4கே என்றால் சரியாக நான்கு மடங்கு.

எச்.டி.ஆர். பற்றி ஒரு வரி போதும். 'எச்.டி.ஆர். சப்போர்ட்' என்றால் அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்று மட்டும்தான் அர்த்தம். காட்டும் என்று யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள், திரையின் வலதுபக்க மூலையில் ஒரு பச்சைப் புள்ளியைப் பார்த்தேன். துடைத்தேன், போகவில்லை. கடைக்குப் போனால், "சீல் உடைச்சாச்சே சார், பெட்டி தெர்மாக்கோலோட முழுசா இருந்தா கேட்டுப் பாக்கலாம்" என்றார்கள். பெட்டி அதற்குள் பாதிதான் இருந்தது. சர்வீஸ் சென்டரில் அந்த மை விவகாரத்தையும் சொன்னேன். அங்கிருந்தவர் வெள்ளைத் திரையைப் போட்டு இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "பேனல் நார்மல் சார், ஒரு புள்ளிக்கெல்லாம் வாரன்டி வராது" என்று ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பொடி எழுத்தில் அதுவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 2001-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 13406-2 என்ற சர்வதேசத் தரம் திரைகளைப் பழுதின் அளவை வைத்து வகுப்பு பிரித்தது. அதன் இரண்டாம் வகுப்பில், எப்போதும் எரிந்தபடியே நிற்கும் முழு பிக்சல் 10 லட்சத்துக்கு 2 வரை அனுமதி. பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலத் துணுக்குகளில் பழுது என்றால் 5 வரை. 2008-ல் அதன் இடத்துக்கு ஐ.எஸ்.ஓ. 9241-307 வந்தது, வகுப்பு பிரிக்கும் முறை அதிலும் தொடர்கிறது. என் திரையில் சுமார் 20 லட்சம் பிக்சல். என்னுடைய ஒற்றைப் பச்சைப் புள்ளி அவர்கள் கணக்கில் தூசி. பிரகாசமான புள்ளி ஒன்றே ஒன்று இருந்தாலும் மாற்றித் தருவோம் என்று எழுத்தில் கொடுக்கும் கம்பெனிகளும் உண்டு. வாங்கும் முன் கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

இனி வாங்கினால், சொந்த லேப்டாப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு போவேன். யூ.எஃப்.ஓ. டெஸ்ட் என்று இலவசமாகவே ஒரு சோதனைப் பக்கம் இருக்கிறது. அதைக் கறுத்த பின்னணியில் ஓடவிட்டால் தீற்றல் அங்கேயே பல்லைக் காட்டிவிடும். லேப்டாப்பை இணைக்க விடமாட்டோம் என்று சொல்லும் கடையில் வாங்க மாட்டேன். ஃப்ரீசிங்க் எத்தனை ஹெர்ட்ஸிலிருந்து எத்தனை வரை என்றும் கேட்பேன். 48 முதல் 75 என்று பதில் வந்தால், கேம் 48-க்குக் கீழே தடுமாறும் நேரத்தில், அதாவது உங்களுக்கு அது நிஜமாகவே தேவைப்படும் நேரத்தில், அது உதவிக்கு வராது.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், தெர்மாக்கோல் உட்பட. என்னிடம் இப்போது மிஞ்சியிருப்பது அந்த எறும்பு எழுத்துக்காக வெட்டி எடுத்து வைத்த பக்கவாட்டு அட்டை மட்டும்தான்.