ஷெட்யூலர்ல ரேஸ் பிடிக்க கேசிசான் – மூணு வாரம் அலைஞ்சவனோட ரிவ்யூ

ரெண்டு சிபியு ஒரே நேரத்துல ஒரே மெமரில கை வச்சு குழப்புற பக்குக்கு ரேஸ்னு பேர், அத பிடிக்கற கேசிசான் (KCSAN) புது டூல் ஒண்ணும் இல்ல, லினக்ஸ் கெர்னல் 5.8-லயே, அதாவது 2020-லயே வந்துருச்சு. எந்த டாஸ்க் எப்ப சிபியுல ஓடணும்னு முடிவு பண்ற ஷெட்யூலர் கோடுக்கு அத போட்டு பாக்காம மூணு வாரம் அலைஞ்சேன், அதான் இத எழுதுறேன்.

தூங்குற டாஸ்க்க எழுப்புற வேக்கப் பாதைல ஒரு சின்ன பேட்ச், ஒவ்வொரு டாஸ்க்கோட விவரமும் இருக்கற டாஸ்க் ஸ்ட்ரக்ட்ல ஒரே ஒரு பிட் சேர்த்திருந்தேன். பூட் ஆச்சு, டெஸ்ட் எல்லாம் பாஸ். ராத்திரி பூரா லோடு குடுத்து ஓட்டிட்டு காலைல எல்லாத்தையும் நிறுத்திட்டு பாத்தா சிபியு எல்லாம் சும்மா கிடக்கு, லோட் ஆவரேஜ் (ஓடுற, ஓடக் காத்திருக்கற டாஸ்க்கோட சராசரி எண்ணிக்கை) மட்டும் 7-ல நிக்குது, இறங்கவே மாட்டேங்குது, மறுநாள் 11. லினக்ஸ்ல டி ஸ்டேட்ல (சிக்னல் வந்தாலும் எழாம) தூங்குற டாஸ்க்கும் லோட் கணக்குல வரும்தான், ஆனா பிஎஸ் கமாண்ட் போட்டா டி ஸ்டேட்ல ஒண்ணு கூட இல்ல.

கெர்னலோட லாக் செக்கர் லாக்டெப் வாயே திறக்கல. அது லாக் எடுக்குற வரிசை தப்பானா சொல்லும், எடுக்காமயே விட்ட லாக்க எப்படி சொல்லும்? மெசேஜ் அச்சடிக்கற பிரிண்ட்கே போட்டா டைமிங் மாறி பக் ஒளிஞ்சுக்குது, அதோட ரன்க்யூ லாக் (சிபியுவோட டாஸ்க் வரிசைய காக்கற லாக்) கைல இருக்கறப்ப பிரிண்ட்கே போட்டா டெட்லாக்கே ஆகலாம், தயவுசெஞ்சு அங்க மெமரி பஃபர்ல மட்டும் எழுதுற ட்ரேஸ் பிரிண்ட்கே போடுங்க.

கேசிசான் வேற மாதிரி. கம்பைலர் மெமரி ஆக்சஸ் எல்லாத்துக்கும் ஒரு செக் வச்சுடும், டிஃபால்ட்டா சுமார் 4000-ல ஒண்ண எடுத்து அந்த அட்ரஸ்ல காவல் போட்டுட்டு அந்த டாஸ்க்க 80 மைக்ரோசெகண்ட் வரைக்கும் அங்கயே நிறுத்தி வைக்கும், அதுக்குள்ள இன்னொரு சிபியு அதே இடத்துல கை வச்சா ரெண்டையும் கையும் களவுமா பிடிச்சிரும்.

ஒரு குறை இருக்கு. கான்ஃபிக்ல ஆன் பண்ணி ரெண்டு நாள் ஓட்டியும் ஷெட்யூலர்ல இருந்து ஒரு ரிப்போர்ட்டும் வரல, அப்புறம் ஷெட்யூலர் டைரக்டரியோட மேக்ஃபைல திறந்தா அங்க கேசிசான ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க, சத்தம் அதிகமா வரும், ஸ்லோ ஆகும்னு கமெண்ட்ல காரணமும் இருக்கு. காரணம் நியாயம்தான், ஆனா ஆன் பண்ணும்போதே அது கண்ணுல பட்டிருந்தா எனக்கு ரெண்டு நாள் மிச்சம்.

அந்த வரிய எடுத்துட்டு பில்ட் பண்ணி 8 சிபியு விஎம்ல ஓட்டினேன். கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு, பாதிக்கு மேல பழைய வேல்யூ கிடைச்சாலும் பரவால்லன்னு லாக் இல்லாம படிக்கற இடங்கள். அதுக்கு நடுவுல ஒண்ணு, ஒரு ஸ்டாக்ல (ஃபங்ஷன் கூப்பிட்ட வரிசைல) என் பிட்ட எழுதுற வேக்கப் ஃபங்ஷன், இன்னொரு ஸ்டாக்ல ஷெட்யூல் ஃபங்ஷன், ரெண்டும் ஒரே அட்ரஸ், 1 பைட், கீழ வேல்யூ 00-ல இருந்து 02 ஆச்சுன்னு ஒரு வரி. பாத்ததும் வயித்துல ஏதோ பண்ணுச்சு.

02-ன்னா, இந்த டாஸ்க் லோட் கணக்குல சேர்ந்திருக்குன்னு சொல்ற பிட். என் பிட்டும் அதே பைட்ல பக்கத்துல உக்காந்திருக்கு. ஒரு பிட்ட மட்டும் தனியா எழுத முடியாது, முழு பைட்டையும் படிச்சு மாத்தி திருப்பி எழுதணும். தூங்கப் போற டாஸ்க் ரன்க்யூ லாக் போட்டு அந்த பிட்ட 1 ஆக்குது, அதே நேரம் எழுப்புற சிபியு அந்த லாக் இல்லாம பழைய பைட்ட படிச்சு என் பிட்ட சேர்த்து மேல எழுதிருது, அந்த 1 காணாம போயிருது. எழுந்திருக்கும்போது கணக்குல இருந்து கழிக்கணும்னு யாருக்கும் தெரியாது, ஒவ்வொரு தடவையும் லோட்ல ஒண்ணு ஒட்டிக்கும்.

ஒரே தடவைல படி, எழுதுன்னு கம்பைலருக்கு சொல்ற ரீட் ஒன்ஸ், ரைட் ஒன்ஸ் மேக்ரோ போட்டு ரிப்போர்ட்ட அடக்கிடாதீங்க, இப்படி பிட் பிட்டா பிரிச்ச பிட்ஃபீல்டுக்கு அது கம்பைலே ஆகாது. இந்த ரேஸ் பரவால்லன்னு சொல்ற டேட்டா ரேஸ் மேக்ரோ போட்டா ரிப்போர்ட் மறையும், பக் மறையாது. நான் என் பிட்ட அந்த பிட்டெல்லாம் சேர்ந்திருக்கற வேர்ட விட்டு வெளிய எடுத்து தனி ஃபீல்டா வச்சேன். மூணு ராத்திரி ஓட்டிட்டேன், நிறுத்தினதும் லோட் சரசரன்னு இறங்கி 0.00 வந்துருது.

இது சாம்பிள் எடுத்து பாக்கற டூல், அதனால ரிப்போர்ட் வரலன்னா ரேஸ் இல்லன்னு அர்த்தம் இல்ல, நீளமா ஓட விடணும். கம்பைலர் கிளாங் 11 அல்லது ஜிசிசி 11-ஆவது வேணும். பெர்ஃபார்மன்ஸ் அளக்க இந்த பில்ட தொடவே தொடாதீங்க, அதுக்கு தனியா ஒரு கெர்னல் வச்சுக்கோங்க.